பின்பலகை

முதலில் விளக்கு எரியும். அப்புறம் அந்தப் பச்சைக் கண் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். உள்ளே வால்வுகள் சூடேறி ஒரு முனகல் கிளம்பும். இதோ பேசப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் முன்னால் சாய்வோம். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். பச்சைக் கண் மூடிக்கொள்ளும், விளக்கும் அணைந்துவிடும். அவ்வளவுதான் அன்றைய ரேடியோ.

வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போனால் அதை நாலு வார்த்தை திட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போகிறவள் நான். மணியம்மாளுக்கு வாய் நீளம் என்று தெருவில் பெயர். அப்படிப்பட்டவள் அந்த மார்கழி மாதம் முழுக்க ஒரு மரப்பெட்டியின் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது பேசினால்தான் என் தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று எங்களுக்குத் தெரியும்.

தம்பி தணிகாசலம் பட்டாளத்தில் இருந்தான். எழுபத்தோராம் வருஷம் கார்த்திகையில் சண்டை தொடங்கியது, மார்கழி பிறப்பதற்குள் முடிந்தும் போனது. முடிந்த பிறகு எங்களுக்கு ஒரு தந்தி வந்தது. காணவில்லை என்று அதில் இருந்தது. செத்துவிட்டான் என்றால் மாரில் அடித்துக்கொண்டு அழலாம். இருக்கிறான் என்றால் பொங்கல் வைக்கலாம். காணவில்லை என்றால் என்ன செய்வது? தொலைந்துபோக அவன் என்ன குடையா, செருப்பா? தந்தி கொண்டுவந்த ஆளிடமே இப்படிக் கேட்டுவிட்டேன். பாவம், அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

தம்பி பெண்டாட்டி ஏலவார்குழலி எங்களோடுதான் இருந்தாள். ஐயம்பேட்டையில் எங்கள் அப்பா அம்மா காலமான பிறகு அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்ததே நாங்கள்தான். குழலிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூடச் சரியாக ஆகவில்லை. அவளும் நானும் பகலெல்லாம் பட்டுச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டுவோம். தறியிலிருந்து அறுத்து வரும் சேலையின் முந்தியில் இழைகள் அவிழ்ந்து தொங்கும், அவற்றைப் பிரித்து முறுக்கி முடிச்சுப் போடவேண்டும். தந்தி வந்த பிறகும் அவள் வேலையை நிறுத்தவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள்.

தந்திக்குப் பிறகு, தம்பியோடு ஒரே கம்பெனியில் இருந்த வாலாஜாபேட்டைக்காரன் ஒருவன் கையில் காயக்கட்டோடு எங்களைத் தேடிக்கொண்டு வந்தான். இவர்கள் கூட்டத்தில் சிலரை அந்தப் பக்கத்து ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். யார் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த நாட்டு ரேடியோவில் தினமும் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, பிடிபட்ட நம் சிப்பாய்களில் ஒன்றிரண்டு பேரைத் தங்கள் பாஷையிலேயே வீட்டுக்கு நாலு வார்த்தை பேச விடுகிறார்களாம். குடியாத்தத்துப் பையன் ஒருவன் பேசியதைக் காதாரக் கேட்டவர்கள் இருக்கிறார்களாம். தினமும் காதை வைத்துக்கொண்டே இருங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து ராத்திரியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டு கிடப்பேன். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதானே பேச விடுவார்கள்? அது என்றைக்கு? இன்றைக்கே பேசிவிட்டால்? நாங்கள் கேட்காமல் விட்ட சாயங்காலத்தில் அவன் பேசிவிட்டு உள்ளே போய்விட்டால்?

ரேடியோ தம்பி வாங்கி வந்ததுதான். போன லீவில், மாற்றலாகிப் போன ஓர் ஆபீசரிடம் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தான். சிற்றலை, மத்திய அலை எல்லாம் எடுக்கும் பெரிய பெட்டி. மொட்டை மாடியில் ஏரியல் கட்டி, கூடத்து மூலையில் சுவரோடு சுவராகப் பலகை அடித்து உட்காரவைத்தான். சிலோன் எடுக்கும், டில்லி எடுக்கும், கடல் தாண்டியும் எடுக்கும் என்று ஒரே பெருமை. அந்தத் தெருவில் வேறு யாரிடமும் அப்படி ஒரு பெட்டி கிடையாது. டீக்கடையிலும் பூங்காவிலும் இருந்தவை மெட்ராஸைத் தவிர வேறொன்றையும் அறியாதவை.

அந்த ஸ்டேஷனில் எல்லாம் உருதுவில்தான் சொல்வார்கள். எனக்கு உருது தெரியாது. எங்கள் வீடு காஞ்சிபுரத்தில் ஒலிமுகமதுபேட்டை ஓரம். சரிகை வியாபாரம் செய்யும் ஹயாத் பாஷாவின் மனைவி நசீம் பானு எனக்குப் பழக்கம். அவர்கள் வீட்டுப் பேச்சே உருதுதான். நான் கேட்கும் முன்பே, தினமும் வந்து உட்கார்ந்து அர்த்தம் சொல்கிறேன் என்றாள்.

"எங்க வூட்ல அந்த ஸ்டேஷனக் கேட்டா ஊரு ஒரு மாதிரி பேசும். சிப்பாய் வூட்ல கேட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மணிம்மா" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படி எல்லாம் கூடிவந்த நேரத்தில்தான் இந்த 'டப்'.

முதல் நாள் என் வீட்டுக்காரர் பியூஸ் மாற்றினார். அப்பாதுரை என்றால் நெல் மில்லில் எல்லோருக்கும் தெரியும், மேஸ்திரி. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு திருகு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் விரல் நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் இருக்கும் கம்பி கருகிப் போயிருந்தது. புதிதாகப் போட்டு ரேடியோவின் குமிழைத் திருப்பினார். விளக்கு, பச்சைக் கண், முனகல், டப். இன்னொன்று போட்டார். அதற்கும் அதே கதிதான்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது, விளக்கு மாடம் கிடையாது. கூடத்தில் தலைவர் படம் ஒன்றுதான், அதுவும் சரியாக ரேடியோவுக்கு மேலே. குழலி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அவளை உட்காரவைத்து, கடவுள் இல்லை என்பதை ரொம்பப் பொறுமையாக விளக்கினார். அவள் தலையாட்டினாள். நானும் கல்யாணமான நாளிலிருந்து தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். கறிகாய் வாங்கப் போகிறேன் என்று போய் உடைத்த தேங்காய் மூடியோடு திரும்பி வருவேன். அது எந்தக் கடையில் விற்கிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மனிதர் நல்லவர். ஆனால் வீட்டுக்குள் வேண்டுதல், முடிகயிறு என்று எதையாவது பார்த்தால் அன்றைக்கு முழுக்கப் பிரசங்கம்தான்.

மறுநாள் பெட்டியை ரிப்பேர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். குழலிதான் அதைத் தன் பழைய சேலையில் சுற்றிக் கட்டிக்கொடுத்தாள். சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கலியாணசுந்தரம் என்று ஒருவர் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். மெட்ராஸில் வேலை கற்றவர், நிதானமான ஆள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கால் முகர்வதுபோலக் குனிந்து பார்ப்பார். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த மற்ற வேலையெல்லாம் தள்ளி வைத்துவிட்டார். ஒரு வால்வு மாற்றினார். பகலெல்லாம் கடையில் பாடியதாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தது. நசீம் பானுவும் வந்து உட்கார்ந்தாள். விளக்கு, பச்சைக் கண், முனகல், டப்.

அடுத்த தடவை கண்டென்சர் என்று எதையோ மாற்றினார். கடையில் காலையிலிருந்து விவசாய நிகழ்ச்சி, பாட்டு, செய்தி எல்லாம் வந்ததாம். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்ததும் டப்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிப் பாலாற்றில் போட்டிருப்பேன். கடைக்காரனிடம் பாடுகிறாய், எங்கள் வீட்டில் மட்டும் ஏன் வாயடைத்துப் போகிறாய், நாங்கள் உனக்கு என்ன குறை வைத்தோம் என்று அதனிடமே சண்டை போட்டேன். தினமும் விளக்கு வைத்த பிறகு அந்த நேரம் கடந்து போகும். அங்கே எவனோ ஒருவன் மைக் முன்னால் நின்று தன் ஊர் பேரைச் சொல்லிக்கொண்டிருப்பான். இங்கே நாங்கள் இருட்டிப்போன பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நசீம் பானு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து போவாள். அவள் போன பிறகு யாருக்கும் சோறு இறங்காது.

குழலியைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு டப்புக்கும் யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல அவள் முகம் சுருங்கும். ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. எழுந்துபோய்ச் சரிகை சுற்றிய நூற்கண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பாள். அழுது தொலையேன்டி என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கலியாணசுந்தரத்துக்கே இது மானப் பிரச்சினையாகிவிட்டது. கோளாறு ரேடியோவில் இல்லை, வீட்டுக் கரண்டில்தான் இருக்கவேண்டும் என்று சொல்லி, டெஸ்ட் விளக்கு, மீட்டர், பை நிறையச் சாமான் என்று ஒரு மத்தியானம் வீட்டுக்கே வந்தார். வீட்டுக்காரர் மில்லுக்குப் போயிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். மனிதர் வயரை எல்லாம் தொட்டுத் தடவிப் பார்த்தார். மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு ரேடியோவைத் திருப்பி வைத்துப் பின்பலகையைக் கழற்றினார். அந்தக் காலத்து ரேடியோவுக்குப் பின்னால் காற்றுப் போக ஓட்டை ஓட்டையாக ஓர் அட்டைப்பலகை இருக்கும், நான்கு திருகாணி. அதை எங்கே வைப்பது என்று அவர் பார்க்கும்போது குழலி ஓடிவந்து வாங்கிக்கொண்டதை அடுப்படியிலிருந்தே பார்த்தேன். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள். பிள்ளை ரொம்பத்தான் பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரேடியோ பாடியது. எங்கள் வீட்டில், எங்கள் கரண்டில், எங்கள் கூடத்தில். நான் கரண்டியும் கையுமாக வந்து நின்றேன். மெட்ராஸில் யாரோ ஓர் அம்மாள் ஊறுகாய் போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கலியாணசுந்தரம் காப்பி குடித்தார், முள்ளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தார், வெகுநேரம் ஓடவிட்டார். ஒரு குறையும் இல்லை. குழலியிடமிருந்து பலகையை இரண்டு கையாலும் வாங்கி மாட்டித் திருகாணியை இறுக்கினார். பெட்டியைச் சுவரோடு தள்ளி வைத்தார். கூட நாலு பியூஸை ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டு, தைரியமாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். நசீம் பானு வந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மத்தியானம் பாடியதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். அவர் குமிழைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. பச்சைக் கண் திறந்தது. முனகல் வந்தது.

டப்.

என் வீட்டுக்காரர் பெட்டியின் தலையில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தார். சாமானை அடிக்கிற மனிதர் இல்லை அவர். மாமா என்று தம்பி அவரிடம் வைத்திருந்த உரிமைக்கும், அவனுக்குப் பட்டாளத்து உடுப்பு வந்த அன்று அவர் ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்ததற்கும் அந்த அடிதான் சாட்சி. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அப்படி இழுக்கும்போது பெட்டிக்கு ரொம்பக் கிட்டே குனிந்துவிட்டேன்.

வாடை வந்தது.

மயிர் கருகின வாடை. ரப்பரோ மெழுகோ கருகினால் அப்படி இருக்காது. சேலை எடுக்க வரும் வியாபாரிகள் ஓர் இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டுவார்கள். பட்டாக இருந்தால் மயிர் பொசுங்குவதுபோல நாறும், நூலாக இருந்தால் காகிதம்போல எரியும். அந்த வாடையைப் பார்த்துத்தான் எங்களுக்குக் கூலி. அது என் மூக்குக்குத் தப்பாது.

ரேடியோவுக்குள் பட்டுக்கு என்ன வேலை?

சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு பெட்டியின் ஒரு மூலையைச் சுவரிலிருந்து இழுத்தேன். குழலி "அக்கா" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. வெளிச்சத்தைப் பின்னால் காட்டினேன். பின்பலகையின் ஓட்டைகளில் கோத்து, மஞ்சள் துணியில் ஒரு சின்ன முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது. காசு முடிந்த துணி. திருத்தணி முருகனுக்கு நேர்ந்துகொண்டால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் முடிந்து வைப்பார்கள். தம்பிக்குத் தணிகாசலம் என்று பேர் வந்ததே அந்த மலையால்தான். கட்டியிருந்தது நூல் இல்லை. சரிகை. அசல் வெள்ளிச் சரிகை, பட்டு நூலைச் சுற்றி வெள்ளிக் கம்பி ஓடுவது. ஒரு சுற்று இல்லை, பல சுற்று. ஓர் ஓட்டையில் உள்ளே போய் அடுத்த ஓட்டையில் வெளியே வந்திருந்தது. உள்ளே போன வளையமெல்லாம் வால்வுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனை கருகியிருந்தது.

வெள்ளி ஆயிற்றே, கரண்டு பாயாமல் என்ன செய்யும்? பலகை கழன்றிருக்கும்போதெல்லாம் ரேடியோ பாடியது. பலகையை மாட்டியதும் வளையம் போய் உள்ளே ஒட்டிக்கொண்டது. பெட்டி சூடேறிக் கரண்டு முழுசாக வந்ததும் டப். கலியாணசுந்தரம் எப்போதும் பலகையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சோதித்தார். கடைசியாகத்தான் மாட்டினார்.

அவர் இதைப் பார்க்கவே இல்லையா என்று எனக்கு அப்போது பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் போய்க் கேட்டபோது, பார்க்காமல் என்ன, முதல் நாளே பார்த்தேன் என்றார். சாமிக்கு முடிந்தது, கை படலாமா என்று கழற்றும்போதெல்லாம் பலகையைப் பத்திரமாக முருகர் படத்துக்கு அடியில் வைத்திருந்தாராம். தறிக்குக் கட்டுகிறார்கள், லாரிக்குக் கட்டுகிறார்கள், பணப்பெட்டிக்குக் கட்டுகிறார்கள், ரேடியோவுக்குக் கட்டினால் என்ன அதிசயம் என்று நினைத்தாராம். அவரைச் சொல்லி என்ன? இந்த ஊரில் மஞ்சள் துணியைப் பார்த்தால் எவன் கை வைப்பான்?

அதெல்லாம் மறுநாள் பேச்சு. அந்த நிமிஷம் எனக்கு இருந்ததெல்லாம் ஒரே அவசரம். நிகழ்ச்சி தொடங்கும் நேரம் ஆகிவிட்டது. குஞ்சம் அறுக்கும் கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் கையை விட்டேன். குழலி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"வாணாங்க்கா. அவரு வந்து நின்னப்புறம்தான் அவுக்கணும். நடுவுல அறுத்தா அவருக்கு எதுனா ஆயிடும்."

"அவன் இருக்கானா இல்லியான்னு தெரிஞ்சிக்கத்தான்டி இந்தப் பாடு. நீ கட்டினதுதான் அவன் வாயக் கட்டிப் போட்டிருக்குது" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் அப்படி.

அப்போதுதான் அவள் அழுதாள். தந்தி வந்த நாளிலிருந்து தேக்கி வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு வந்தது. அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், பார்த்தால் திட்டுவார் என்று ரேடியோ முதுகில் மறைத்துக் கட்டினாளாம். புருஷன் குரல் அது வழியாகத்தானே வரவேண்டும், அதனால் அங்கேயே கட்டினாளாம். ரேடியோ முதல் தடவை அணைந்தபோது முருகன் மாட்டேன் என்கிறான் என்று நினைத்தாளாம். நேர்ந்துகொண்டது போதவில்லையோ என்று அன்று ராத்திரி இன்னும் ஒரு சுற்றுச் சரிகை சுற்றினாளாம். அணைய அணையச் சுற்றிக்கொண்டே இருந்தாளாம். அந்தப் பெண் ஒவ்வொரு டப்பையும், உன் புருஷன் இல்லை என்று சாமி சொல்லும் பதிலாக எடுத்துக்கொண்டு, எங்களுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது. விரலை அசைத்தால் போதும். என்னால் முடியவில்லை. தம்பிக்கு அம்மை போட்டு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் அம்மா இதேபோல மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

"இந்தாங்க. நீங்கதான் இதெல்லாம் நம்பாதவரு. நீங்க அறுங்க."

அவர் வாங்கிக்கொண்டார். நசீம் பானு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் பெட்டிக்குப் பின்னால் குனிந்து அந்த மஞ்சள் முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேலே தலைவர் படம், கீழே இவர். பிரசங்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். எங்கள் மேல் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தரிக்கோலை அலமாரியில் வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"திருப்புளி எங்க இருக்குது?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் நான்கு திருகாணியையும் கழற்றினார். முடிச்சு முடிச்சாகவே இருந்தது, சரிகையில் ஓர் இழைகூட அறவில்லை. பலகையோடு சேர்த்து அப்படியே அலுங்காமல் வெளியே எடுத்தார். எங்கே வைப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்தார். தரையில் வைக்கக் கூடாது என்று குழலி அழுகைக்கு நடுவில் சொன்னாள். சாமி மாடம் இல்லாத வீட்டில் சாமி முடிச்சை வேறெங்கே வைப்பது? நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"நீ பியூஸ் மாட்டு. இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

தீப்பெட்டியிலிருந்து ஒரு பியூஸை எடுத்து நானே மாட்டினேன், கடவுளே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. அவர் காதில் விழுந்திருக்கும். திருப்பினேன். விளக்கு எரிந்தது. பச்சைக் கண் திறந்தது. முனகல் வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். முனகல் நின்று, கரகரவென்று சத்தம் வந்து, எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு குழலோசை வந்தது. ரேடியோ அணையவே இல்லை. நசீம் பானு முன்னால் வந்து முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி அந்த ஸ்டேஷனைப் பிடித்தாள். நிகழ்ச்சி பாதி போயிருந்தது. ஒரு சீக்கியப் பையன் பேசினான். அப்புறம் வேறு ஏதோ ஊர்க்காரன். அவ்வளவோடு முடிந்துவிட்டது.

அன்றைக்குத் தம்பி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

ரேடியோ கெட்டிருந்தபோதாவது பழியைப் போட ஒரு பெட்டி இருந்தது. இப்போது அது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது, அவன்தான் வரவில்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது. கெட்டிருந்த நாட்களிலேயே பேசிவிட்டானோ என்று நான் நினைப்பேன். மற்றவர்களும் அதையேதான் நினைத்திருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். பகலில் பலகை குழலியின் டிரங்குப் பெட்டிக்கு மேல் இருக்கும். சாயங்காலம் மில்லிலிருந்து வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு, நேராகப் போய் அதை எடுத்துவந்து, மஞ்சள் முடிச்சு முன்னால் தெரிய மடியில் நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்காருவார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான். ரேடியோவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டியது பக்கத்தில் இருக்கட்டும் என்றார், அவ்வளவுதான். கறுப்புச் சட்டையும் மஞ்சள் துணியும் ரொம்பப் பொருத்தம் என்று ஒரு நாள் கேலி செய்தேன். அவர் பலகையை இன்னும் கொஞ்சம் நேராக நிமிர்த்திப் பிடித்தார். நான் அதற்கப்புறம் கேலி செய்யவில்லை.

போகி அன்று சாயங்காலம். தெருவில் பழம்பாய் எரித்த புகை இன்னும் போகவில்லை. ரேடியோவில் அறிவிப்பாளர் ஏதோ படித்துக்கொண்டே வந்தார். நசீம் பானு திடீரென்று கையை உயர்த்தி எங்களை அடக்கினாள். அவள் கண் பெரிதாகிப்போனது. "மதராஸ்னு சொல்றாங்க" என்றாள். அப்புறம் குழலியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

கரகரப்புக்கு நடுவில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் தணிகாசலம் பேசறேன். காஞ்சிபுரம் பக்கத்துல ஐயம்பேட்டை. நான் நல்லாக்கீறேன். கால்ல அடி, ஆறிக்கினு வருது. குழலி, நீ அழாத. வேளாவேளைக்குச் சாப்புடு."

அவனுக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் யாரோ சீக்கிரம் என்று சொல்லியிருக்கவேண்டும், வேகவேகமாகப் பேசினான்.

"அக்கா, திருத்தணிக்கு எனக்காக ஒண்ணு முடிஞ்சு வையி. மாமாவுக்குத் தெரிய வாணாம், திட்டுவாரு."

அதோடு குரல் போய்விட்டது. வேறு எவனோ வேறு பாஷையில் பேசத் தொடங்கினான். குழலி ரேடியோவைக் கட்டிக்கொண்டு அதன் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டாள். நசீம் பானு மேலே பார்த்து அல்லாவுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் அசையவில்லை. மஞ்சள் முடிச்சு கொஞ்சம்கூடச் சாயாமல் பலகையைப் பிடித்தபடியே ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடாப்பா" என்றார் அதனிடம்.

கண்ணிலிருந்து தாரை தாரையாக வடிந்துகொண்டிருந்தது. இரண்டு கையும் பலகையில் இருந்ததால் அவரால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. நான்தான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.